பாதி நாள் பால்

கருக்கம்பாளையத்துப் பனியன் கம்பெனியில் முதன்முதலாகப் பால் சுரந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு. இரண்டாம் லைனில் சட்டைக்கு அடி மடித்துக்கொண்டிருந்த ஜெஸிந்தா, கடைசிப் பிள்ளைக்குப் பால் மறக்கடித்து நாலு வருஷம் ஆனவள், ஜாக்கெட்டின் முன்பக்கம் வெதுவெதுவென்று நனைவதை உணர்ந்து, தகரக் கூரைதான் ஒழுகுகிறதோ என்று அண்ணாந்து பார்த்தாள். கூரை ஒழுகவில்லை, வெளியே மழையும் இல்லை, அதற்குள் அவளுக்கு முன்னால் இருந்தவள் மெஷினை நிறுத்திவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள், அவளுக்கும் முன்னால் இருந்தவள் எழுந்தே நின்றுவிட்டாள், இப்படியே அந்த லைனிலும் அடுத்த லைனிலும் செக்கிங் மேஜையிலுமாக நூற்றுப் பதினாறு பெண்களுக்கு ஒரே நேரத்தில் பால் வந்தது.

யாரும் அலறவில்லை, யாருக்கும் அருள் வந்துவிடவில்லை. சாயப்பட்டறைகளின் புண்ணியத்தில் திங்கட்கிழமை சிவப்பாகவும் வியாழக்கிழமை நீலமாகவும் ஓடுகிற ஆற்றைத் தாண்டி தினமும் வேலைக்கு வருகிறவர்கள் அவர்கள். எது எந்த நிறத்தில் எங்கிருந்து வந்தாலும் ஏன் என்று கேட்கிற வழக்கத்தை எப்போதோ விட்டிருந்தார்கள். லைன் இன்சார்ஜ் நாகமணி மட்டும் ஓடி வந்து, "பீஸ்ல படாம பாத்துக்குங்க, வெளிநாட்டு ஆர்டருங்க, கறையாச்சுன்னா மொத்தமும் திரும்பி வந்துரும்" என்று சத்தம் போட்டாள். பெண்கள் காலடியில் கிடந்த வேஸ்ட் துணியைச் சுருட்டி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள். பால் சாப்பாட்டு நேரத்திலும் நிற்கவில்லை, டீ நேரத்திலும் நிற்கவில்லை.

ஆறு மணிக்குச் சங்கு ஊதியபோதுதான் காரணம் தெரிந்தது. கம்பெனிக்குள் செல்போன் கூடாது. காலையில் கேட்டில் இருக்கும் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுவிட்டு டோக்கன் வாங்க வேண்டும், சாயங்காலம் டோக்கனைக் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும். அன்றைக்கு வாங்கிய ஒவ்வொரு போனிலும் பள்ளிக்கூடத்தின் மெசேஜ் இருந்தது. அன்பார்ந்த பெற்றோர்களே, ஆற்றில் இருந்து வரும் நெடி காரணமாக இன்று 11.10 மணிக்குப் பள்ளி விடப்படுகிறது, உடனே வந்து தங்கள் குழந்தையை அழைத்துச் செல்லவும். அந்த "உடனே"யை ஆறு மணிக்குப் படிப்பது அவர்களுக்குப் புதிதல்ல. மழையென்றாலும், தலைவர் யாராவது செத்தாலும், தண்ணீர் மோட்டார் எரிந்தாலும் பள்ளி பாதி நாளில் விடும், மெசேஜ் வரும், பெட்டிக்குள் அறுநூறு போன்கள் ஒரே நேரத்தில் கத்தி ஓயும், வேன்காரர் வேறு சவாரிக்குப் போயிருப்பார், பிள்ளைகள் கேட்டருகே புளியமரத்தடியில் இருட்டும் வரை நிற்கும். கேட்டால் ஹெச்.எம். மேடம், "நாங்கதான் மெசேஜ் போட்டுட்டோமே" என்பார். அனுப்பியதோடு அவருடைய பொறுப்பு முடிந்தது. போய்ச் சேர்ந்ததா என்பது யாருடைய பொறுப்பும் இல்லை.

அன்றைக்கு ஜெஸிந்தா ஆறே காலுக்குப் புளியமரத்தடியில் தன் மகனின் கையைப் பிடித்தாள், பிடித்த கணமே பால் நின்றது. ஒவ்வொருத்திக்கும் அப்படித்தான்: பள்ளி பாதியில் விட்டால் வரும், வீட்டு மனுஷர் யாராவது பிள்ளையின் கையைப் பிடித்தால் நிற்கும். மூன்றாவது முறையும் இப்படியே நடந்தபோது ஊருக்கு அது மின்வெட்டு மாதிரி பழகிப்போயிற்று.

இதில் தெய்வானைக்கு மட்டும் பால் வரவில்லை.

தெய்வானை ஜெஸிந்தாவுக்குப் பக்கத்து மெஷின். சாயப்பட்டறையில் வேலை செய்யும் குழந்தைவேலுவுக்கு அவள் இரண்டாம் தாரமாக வாக்கப்பட்டபோது அவனுடைய மகள் சுபிக்ஷாவுக்கு இரண்டு வயது. பெற்றவள் சத்யகலா, இவன் குடித்துவிட்டு அடித்த அடி தாங்காமல், பிள்ளையையும் அவன் பிடுங்கி வைத்துக்கொண்டு துரத்திவிட, ஏதோ ஒரு ஊர் நூல் மில்லுக்குப் போயிருந்தாள். தெய்வானை வந்த பிறகு அவன் அடிப்பது குறைந்தது, ஏனென்றால் தெய்வானை திருப்பி அடித்தாள். குழந்தைக்கு ஊட்டியதும், அம்மை போட்டிருந்தபோது வேப்பிலையில் கிடத்தி மூன்று வாரம் கண் விழித்ததும், காலையில் நாலு மணிக்கு எழுந்து இரட்டைப் பின்னல் போட்டதும் அவள்தான். இந்த ஐந்து வருஷத்தில் சுபிக்ஷா அவளை அம்மா என்று கூப்பிட்டாள், தெரு அவளை சுபிக்ஷா அம்மா என்று கூப்பிட்டது, சின்னம்மா என்ற சொல்லை யாரும் அந்த வீட்டு வாசலில் சொன்னதில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொன்று பத்துக்கு லைனில் இருந்தவர்கள் எல்லோரும் ஒருமுறை அவளுடைய காய்ந்த ஜாக்கெட்டைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்கள், அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

கம்பெனி இந்த அதிசயத்தை முதலில் திட்டியது, பிறகு அதோடு சமாதானமாகப் போனது. முன்பெல்லாம் பெண்கள் ஆறு மணி வரைக்கும் தெரியாமல் நிம்மதியாக இருந்தார்கள். இப்போது பதினொரு மணிக்கே தெரிந்துவிடுகிறது, தெரிந்த பிறகு நெஞ்சு கனக்கக் கனக்க எப்படி உட்கார்ந்து அடி மடிப்பது? நாலாவது முறை பால் வந்தபோது நூற்றுப் பதினாறு பேரும் எழுந்து கேட்டை நோக்கி நடந்தார்கள். முதலாளி பயந்து அரை மணி நேரம் அனுமதி கொடுத்தார்: நனைந்த ஜாக்கெட்டோடு வருகிறவளுக்கு நாகமணி ஒரு பாஸ் தருவாள், அவள் போய்ப் பிள்ளையைக் கூட்டி வந்து வேஸ்ட் துணி குடோனில் மூட்டைகளின் மேல் உட்கார வைத்துவிட்டு மெஷினுக்குத் திரும்ப வேண்டும். அந்த அரை மணியை அவளுடைய சாப்பாட்டு நேரத்தில் கழித்துக்கொண்டார்கள். கழித்த கையோடு வாசலில், தாய்மையைப் போற்றும் நிறுவனம் என்று பெரிய எழுத்தில் ஒரு போர்டும் வைத்தார்கள்.

பள்ளிக்கூடம் இன்னும் ஒரு படி மேலே போனது. பால்தான் போகிறதே, மெசேஜ் எதற்கு என்று மெசேஜை நிறுத்தியது. குழந்தையை ஒப்படைக்க முன்பு போட்டோ ஒட்டிய அடையாள அட்டை கேட்பார்கள், அதையும் விட்டார்கள். வாட்ச்மேன் ஆறுக்குட்டி ஜாக்கெட்டைப் பார்ப்பார், நனைந்திருந்தால் அந்தப் பிள்ளையை அனுப்பிவிடுவார். பால் பொய் சொல்லாது என்று பெற்றோர் கூட்டத்தில் ஹெச்.எம். மேடம் சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள். பெண்டாட்டியைப் பறிகொடுத்த சின்னராசு மட்டும் பின்வரிசையில் எழுந்து, "எங்களை மாதிரி ஆளுக்கு யாருங்க சொல்லுவாங்க?" என்று கேட்டார். "உங்க மாதிரி ரெண்டு மூணு பேருதானே இருக்கீங்க, கொஞ்சம் அனுசரிச்சுக்குங்க" என்று பதில் வந்தது. அவர் மில் வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கு எதிரில் இளநீர் வண்டி போட்டார், பதினொரு மணியானால் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு கேட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

கூட்டம் முடிந்ததும் ஒரு படிவம் கொடுத்தார்கள். பள்ளி முன்கூட்டி விடப்படும் தகவலை நான் பால் மூலம் பெற்றுக்கொள்கிறேன், இதற்குமேல் பள்ளி பொறுப்பல்ல. கீழே இரண்டு கட்டங்கள்: வரும், வராது. தெய்வானை பேனாவை வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் அதே தெருப் பெண்கள் ஆறேழு பேர் வரிசையில் நின்றார்கள், அவர்களுக்கு நடுவில் சுபிக்ஷா நின்றாள்.

"என்னங்கம்மா யோசனை?" என்றார் ஹெச்.எம். மேடம். "சுபிக்ஷா மதர்தானே நீங்க? வருதா, வரலையா?"

"வருதுங்க" என்றாள் தெய்வானை.

அந்த ஒரு சொல்லுக்காக அவளைத் திட்டுகிறவர்கள் திட்டட்டும். ஒரு வரிசையே பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளையும் பார்த்துக்கொண்டிருக்க, நான் அம்மா இல்லை என்று கட்டத்தில் டிக் போட்டுக் கொடுக்கிற பெண் எந்த ஊரில் இருக்கிறாள் என்று சொல்லுங்கள். அவள் வரும் என்ற கட்டத்தில் அழுத்தமாக டிக் போட்டு, தெய்வானை என்று எழுத்துக் கூட்டிக் கையெழுத்தும் போட்டாள்.

அதற்குப் பிறகு பொய்யை நிஜம் மாதிரி நடத்த வேண்டிய வேலை வந்தது. ஜெஸிந்தாவிடம் மட்டும் சொன்னாள், மற்றவர்கள் அவளுக்கும் பிந்தி வந்துவிட்டது என்று நம்பிக்கொண்டார்கள். ஜெஸிந்தா திண்டுக்கல் பக்கம். மூன்று பிள்ளைக்காரி, எதையும் மனசில் வைத்துக்கொள்ளாதவள். "இதுக்கு எதுக்குடி அழுவுற? எனக்கு வந்தா உன்னைய முழங்கையில இடிக்கிறேன், நீ பாத்ரூம் போயி பைப்புல நனைச்சிட்டு வா. பாலு வெள்ளைன்னு ஜாக்கெட்டுக்கா தெரியும்?" என்றாள். அப்படியே நடந்தது. இடி விழுந்ததும் தெய்வானை ஓடிப்போய்க் குழாய்த் தண்ணீரை நெஞ்சில் அள்ளி விட்டுக்கொள்வாள், பாஸ் வாங்குவாள், புளியமரத்தடிக்கு ஓடுவாள், ஆறுக்குட்டி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சுபிக்ஷா, அம்மா வந்தாச்சு" என்று குரல் கொடுப்பார். அந்தக் குரலைக் கேட்க அவள் இன்னும் பத்துப் பொய் சொல்லியிருப்பாள்.

சித்திரை மாசத்தில் ஒருநாள் வெயில் தாங்காமல் பள்ளி விட்டபோது, கம்பெனியில் இருந்து வருகிற வழியிலேயே அவளுடைய ஜாக்கெட் காய்ந்துவிட்டது. கேட்டுக்குப் பத்தடி முன்னால்தான் அதைக் கவனித்தாள். திரும்பிப் போகவும் நேரமில்லை, பக்கத்தில் குழாயும் இல்லை, சின்னராசுவின் வண்டியும் அன்றைக்கு வரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நின்றவளைக் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்து சுபிக்ஷா பார்த்துவிட்டாள். தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கம்பி இடுக்கில் நீட்டினாள்.

"ஊத்திக்கோம்மா" என்றாள் மெதுவாக.

தெய்வானை கம்பியோரம் குனிந்தாள். "எதுக்கு கண்ணு?"

"உன்ற ஜாக்கெட்டுல பால் வாசமே வராது. எனக்கு முன்னாடியே தெரியும். ஆறுக்குட்டி தாத்தா அந்தப் பக்கம் பாக்குறாரு, சீக்கிரம் ஊத்திக்கோ."

அவள் ஊற்றிக்கொண்டாள். அன்றைக்கு குடோனுக்குப் போகிற வழியெல்லாம் சுபிக்ஷா அவளுடைய சுண்டு விரலைப் பிடித்து ஆட்டிக்கொண்டே வந்தாள். அதற்குப் பிறகு எந்த நாள் பள்ளி பாதியில் விடுமோ என்று சுபிக்ஷா தன் பாட்டில் தண்ணீரைக் குடிக்கவே மாட்டாள், தாகம் எடுத்தாலும் பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் வாங்கிக் குடித்துக்கொண்டு, பாட்டிலை அப்படியே நிறைத்து வைத்திருப்பாள். ஏழு வயசுப் பிள்ளைக்கு ஏன் இத்தனை சூதானம் என்று யாரும் அந்தப் பள்ளிக்கூடத்தைக் கேட்கவில்லை.

கம்பெனி வேலை நுணுக்கமானது, அதை ஏமாற்ற முடியாது. பால் வருகிறவர்கள் தொட்ட வெள்ளைச் சட்டைகளில் இஸ்திரி போட்ட பிறகு மஞ்சள் கறை தெரிகிறது என்று இரண்டு பெட்டி சரக்கு திரும்பி வந்தது. அதனால் பால் வருகிற பெண்களை எல்லாம் கறுப்பு, ஊதா, காப்பிக் கலர் தைக்கிற லைனுக்கு மாற்றினார்கள். கல்யாணம் ஆகாத பெண்களையும் பிள்ளைகள் வளர்ந்துவிட்டவர்களையும் தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் வெள்ளை லைனில் உட்கார வைத்தார்கள். நாகமணி ஒவ்வொருத்தியும் சாயங்காலம் எடுத்துப் போடுகிற வேஸ்ட் துணியைப் பார்த்துப் பட்டியல் எழுதினாள். தெய்வானையின் துணியை முகர்ந்தாள், விரலால் தேய்த்தாள்.

"இது பச்சத்தண்ணி அம்மணி" என்றாள். கெட்டவள் இல்லை நாகமணி, குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். "நா யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா உன்னைய வெள்ளைக்குத்தான் போடோணும். கறுப்புக்கு ஆளு ஜாஸ்தியாயிருச்சு."

"என்ற புள்ளைக்கு யாருங்கக்கா சொல்லுவா?"

"அதெல்லாம் என்ற கையில இல்ல சாமி."

தெய்வானை சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் ஏன் என்று நாலு பேர் கேட்டிருப்பார்கள். அவளும் ஜெஸிந்தாவும் வேறு ஏற்பாடு செய்துகொண்டார்கள்: பால் வந்தால் ஜெஸிந்தா கத்தரிக்கோலால் தகரத் தடுப்பை மூன்று தட்டு தட்டுவாள். இரண்டு முறை தட்டினாள், இரண்டு முறையும் தெய்வானை நனைத்துக்கொண்டு ஓடினாள். பாஸ் கொடுக்கும்போது நாகமணி அவள் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தாள்.

மூன்றாவது முறை பள்ளி பாதியில் விட்ட புதன்கிழமை, ஜெஸிந்தா தன் அப்பா செத்த செய்தி வந்து பிள்ளைகளோடு ஊருக்குப் போயிருந்தாள். போகிற அவசரத்தில் வேறு யாரிடமும் தகரத்தைத் தட்டச் சொல்லிவிட்டுப் போகத் தோன்றவில்லை. சொல்லியிருந்தால் தெய்வானையின் ரகசியத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். அன்றைக்கு ஆற்று நுரை பொங்கித் தெருவுக்கு வந்து பள்ளி கேட் வரை தொட்டதால் பத்தே முக்காலுக்கே மணி அடித்துவிட்டார்கள். தகரத்துக்கு அந்தப் பக்கம் பெண்கள் எழுந்தார்கள், நனைந்தார்கள், பாஸ் வாங்கிப் போனார்கள், திரும்பி வந்தார்கள். மெஷின் இரைச்சலில் இந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை, அவசர ஆர்டர் என்று வெள்ளை லைனுக்குச் சாப்பாடும் டீயும் மெஷினுக்கே வந்தன. நாகமணி அன்றைக்குப் பாஸ் புத்தகத்தை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு முதலாளியின் அறையில் இருந்தாள். தெய்வானை வெள்ளைச் சட்டைகளுக்கு அடி மடித்துக்கொண்டிருந்தாள், சங்கு ஊதும் வரை மடித்துக்கொண்டே இருந்தாள்.

ஆறு மணிக்குத் தெய்வானை, முழு நாள் பள்ளி விட்டதும் சுபிக்ஷா போய் இருக்கிற டியூஷன் வீட்டுக்கு வழக்கம்போல் போனாள். "இன்னிக்கு அரை நாளுங்களே, உங்க பாப்பா இங்க வரலியே" என்றார்கள். அவள் ஓடிய ஓட்டத்தைப் பாலத்தில் பார்த்தவர்கள் யாரோ ஆற்றில் விழப் போகிறார்கள் என்று நினைத்துப் பின்னால் ஓடி வந்தார்கள். புளியமரத்தடியில் நுரை வடிந்து தரை மட்டும் ஈரமாக இருந்தது. ஆறுக்குட்டி கேட்டுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ற புள்ள எங்கீங்க?"

"அம்மா வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்களே அம்மணி, மத்தியானம் ரெண்டு மணிக்கு." சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார். "ஜாக்கெட்டு நனைஞ்சு சேலை வரைக்கும் ஒழுகிக்கிட்டிருந்துச்சு. பாப்பா கையைப் பிடிச்சதும் நின்னுருச்சு, என்ற கண்ணால பாத்தேன். பொய்யா இருக்க முடியாதுங்களே."

"எப்படி இருந்தாங்க?"

"ஒல்லியா, செவப்பா, நெத்தியில ஒரு வெட்டுத் தழும்பு." அது குழந்தைவேலு போட்ட வெட்டு. "அந்தப் பொண்ணு முன்னாடியும் அஞ்சாறு தடவ வந்திருக்குதுங்க. மூணு பஸ்ஸு மாறி வரோணுமாம், இன்னிக்கு அதுவே சொல்லுச்சு. இங்க வந்து சேரறதுக்குள்ள பாப்பாவ நீங்க கூட்டிட்டுப் போயிருப்பீங்க, வழியிலயே பாலும் நின்னிருக்கும். பூட்டுன கேட்டைப் பிடிச்சுட்டு கொஞ்ச நேரம் நிக்கும், அப்புறம் போயிரும். ஒரு வார்த்தை யாரையும் கேக்காது. இன்னிக்குத்தான் பாப்பா இருந்துச்சு."

தெய்வானை கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மூன்று மணி நேரம் நின்றிருக்கிறது குழந்தை. "பாப்பா என்ன சொல்லுச்சு?"

ஆறுக்குட்டி தன் அறைக்குள் போய்ச் சிவப்பு மூடி போட்ட தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்தார். "எங்கம்மா வரும், தண்ணி வெச்சிருக்கேன், எங்கம்மா வரும்னு சொல்லிட்டே இருந்துச்சு. என்னன்னு எனக்குப் புரியல. போகும்போது இதைக் கொடுத்துரச் சொல்லுச்சு." பாட்டில் கழுத்து வரைக்கும் நிறைந்திருந்தது.

மறுநாள் காலையில் ஹெச்.எம். மேடம் படிவத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவர் கோபப்படவில்லை, நியாயம் தன் பக்கம் இருக்கிறவர்களுக்குக் கோபம் தேவைப்படுவதில்லை. "வரும்னு டிக் போட்டது நீங்கதானே? வந்துச்சுன்னா நீங்க ஏன் வரலை? வராதுன்னா ஏன் பொய் சொன்னீங்க? ரெண்டுல எதைச் சொன்னாலும் தப்பு உங்க பேருலதான் நிக்குதுங்கம்மா." தெய்வானை அதைப் படிக்க முயன்றாள். தன் கையெழுத்து மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் முதல் கேள்வியே, "பால் யாருக்கு வந்துச்சு?" என்பதுதான். எழுதிக்கொண்டிருந்த ஏட்டு அத்தோடு பேனாவை மூடினார். குழந்தைவேலு, "பெத்தவ கூட்டிட்டுப் போனா நா என்ன பண்றது" என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போனான். அவன் முகத்தில் ஒரு பாரம் இறங்கிய நிம்மதி தெரிந்தது, அதை அவள் சாகும் வரை மன்னிக்க மாட்டாள். லைனில் எல்லோரும் அவளுக்காக அழுதார்கள், அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "என்ன இருந்தாலும் பெத்தவதானே" என்றார்கள். அந்த "என்ன இருந்தாலும்" என்பதற்குள் ஐந்து வருஷமும், அம்மையும், இரட்டைப் பின்னலும் இருந்ததை அவர்களில் ஒருத்திகூட எண்ணிப் பார்க்கவில்லை. ஊரிலிருந்து திரும்பிய ஜெஸிந்தா மட்டும் தன் தலையில் மடார் மடாரென்று அடித்துக்கொண்டாள், தெய்வானைதான் அவள் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

சத்யகலாவையும் அவளால் வெறுக்க முடியவில்லை, அது இன்னொரு கொடுமை. பூட்டிய கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணை நினைத்தால் திட்டு பாதியிலேயே நின்றுவிடும். விசாரித்து மூன்று பஸ் மாறி அந்த நூல் மில்லுக்குப் போனாள். அங்கே சத்யகலா கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டாள், புருஷன் தேடி வந்து பிள்ளையைப் பிடுங்கிவிடுவான் என்று பயந்து எந்த ஊர் என்று யாரிடமும் சொல்லவில்லை. அவன் தேட மாட்டான் என்பது பாவம் அவளுக்கு எப்படித் தெரியும்?

ஆவணி முடிந்து, புரட்டாசி போய், ஐப்பசி மழை பிடித்தது. கருக்கம்பாளையம் பள்ளி இரண்டு முறை பாதியில் விட்டது, தகரத்துக்கு அந்தப் பக்கம் பெண்கள் எழுந்து போய் வந்தார்கள். தெய்வானை தலையை நிமிர்த்தவில்லை. சிவப்பு மூடி பாட்டிலைத் தினமும் பையில் போட்டு எடுத்து வருவாள், திறக்காமல் எடுத்துப் போவாள்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, மழை இல்லாத நாள், பதினொன்று இருபதுக்கு, தைத்துக்கொண்டிருந்த வெள்ளைச் சட்டையின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. அவளும் அண்ணாந்து கூரையைத்தான் பார்த்தாள். அடுத்த சொட்டு விழுந்தது, அதற்கடுத்தது விழுந்தது, பிறகு நெஞ்சு முழுக்கக் கல்லாகக் கனத்து, ஊசி குத்துகிற மாதிரி வலித்து, வாழ்நாளில் ஒரு பிள்ளைக்கும் பால் கொடுத்திராத தெய்வானைக்குப் பால் இறங்கியது. சேலை நனைந்தது, மடியில் இருந்த சட்டைகள் நனைந்தன. அவள் கத்தரிக்கோலை எடுத்துத் தகரத்தைத் தட்டினாள், மூன்று தட்டு, பிறகு எண்ணிக்கை இல்லாமல்.

ஜெஸிந்தா ஓடி வந்தாள். "என்னடி?"

"உங்களுக்கு வந்துச்சாக்கா? அங்க யாருக்காச்சும் வந்துச்சா?"

"இல்லையேடி. ஒருத்திக்கும் வரல, ஸ்கூல் நடக்குது..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் அவளுடைய ஜாக்கெட்டைப் பார்த்து, காலடியில் கிடந்த வேஸ்ட் துணியை அள்ளினாள். இந்த ஊர்ப் பள்ளி விடவில்லை. எந்த ஊரிலோ ஒரு பள்ளி விட்டிருக்கிறது.

நாகமணி வந்தாள். வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்து முகர்ந்தாள், விரலால் தேய்த்தாள். "இது பால்தான்" என்றாள். "நாளைக்கிருந்து நீ கறுப்பு லைன், அம்மணி. பட்டியல்ல எழுதிக்கிறேன்." பையிலிருந்து ஒரு பாஸைக் கிழித்து அவள் கையில் கொடுத்தாள். அரை மணி நேரம், அதுதானே சட்டம்.

தெய்வானை பாஸோடும் பாட்டிலோடும் கேட்டுக்கு ஓடினாள். செக்யூரிட்டி நோட்டைப் பிரித்து அவள் பெயரை எழுதினான், நேரத்தை எழுதினான், மூன்றாவது கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, "எந்த ஸ்கூலுங்க?" என்றான்.

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. வெளியே ரோடு இரண்டு பக்கமும் போனது. ஒரு பக்கம் போனால் கிழக்கே நூறு ஊர், இன்னொரு பக்கம் போனால் மேற்கே நூறு ஊர், ஒவ்வொரு ஊரிலும் ஒரு பள்ளிக்கூடம், ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பூட்டிய கேட். ஏதோ ஒரு கேட்டருகே இரட்டைப் பின்னலோ ஒற்றைப் பின்னலோ போட்ட ஒரு பிள்ளை நிற்கிறது, அதன் கையில் தண்ணீர் பாட்டில் இருக்கிறதோ இல்லையோ. அவள் இந்தப் பக்கம் நாலு எட்டு வைத்தாள், அந்தப் பக்கம் நாலு எட்டு வைத்தாள், கடைசியில் தாய்மையைப் போற்றும் நிறுவனம் என்ற போர்டின் கீழேயே நின்றாள். அரை மணி முடிந்ததும் செக்யூரிட்டி பாஸைத் திருப்பி வாங்கிக்கொண்டான். பள்ளிக் கட்டத்தை அவன் காலியாகவே விட்டிருந்தான்.

வேஸ்ட் துணியை வைத்துக் கட்டிக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தாள். பால் நிற்கவில்லை. பன்னிரண்டு ஆனது, ஒன்று ஆனது, சாப்பாட்டுத் தூக்கை அவள் திறக்கவில்லை. இரண்டு ஆனது, மூன்று ஆனது. சத்யகலாவும் எங்கோ ஒரு மில்லில்தான் இருப்பாள், அவளுடைய போனும் ஏதோ ஒரு பெட்டிக்குள்தான் கிடக்கும், அவளும் நனைந்துகொண்டேதான் நிற்பாள், அவளுக்கு யார் பாஸ் கொடுப்பது? வந்துவிடு, வந்துவிடு என்று தெய்வானை ஒவ்வொரு சட்டைக்கும் ஒருமுறை சொல்லி மடித்தாள். தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவள் சீக்கிரம் அந்தக் கேட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஒருத்தி சாயங்காலம் வரை வேண்டிக்கொண்டதை எந்தப் படிவத்தில் எழுதுவது?

நாலே காலுக்கு டீ வந்தது. பெண்கள் டம்ளரை எடுத்துக்கொண்டு குழாயடியில் நின்றபோது தெய்வானை சட்டென்று நெஞ்சில் கையை வைத்தாள். கனம் இறங்கியிருந்தது. அழுத்திப் பார்த்தாள், துணியை எடுத்துப் பார்த்தாள், பால் நின்றுவிட்டது.

"வந்துட்டாங்கக்கா" என்றாள்.

"யாருடி?" என்று கேட்டாள் ஜெஸிந்தா.

"அவங்கம்மா."